நான் எம்மாத்திரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்ச் சபைகளில் ஒரு பொறுப்புக்கு ஆள் கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "எனக்கு அந்தக் கிருபை இல்லைங்க." "நமக்குப் பேச வராது பாஸ்டர்." "இன்னும் ஜெபிச்சுப் பார்க்கிறேன்." கேட்கிறவருக்குச் சலிப்பு வரும். ஆனால் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. உள்ளே பல மாதமாக, சிலருக்குப் பல வருடமாக, ஓர் அழைப்பு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. திறக்கப் போனால் "போயும் போயும் நீயா?" என்று ஒரு குரல் குறுக்கே வந்து நிற்கிறது. அந்தக் குரலை என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

யாத்திராகமம் மூன்றாம், நான்காம் அதிகாரங்களை எடுத்துக்கொள்வோம். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரப் போ என்று கர்த்தர் சொன்னபோது, எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசே ஐந்து தடவை பின்வாங்குகிறார். நான் எம்மாத்திரம் என்பது முதலாவது. உம்முடைய நாமம் என்னவென்று கேட்டால் என்ன சொல்வேன் என்பது இரண்டாவது. அவர்கள் என்னை நம்பமாட்டார்கள் என்பது மூன்றாவது. நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்பது நான்காவது. ஐந்தாவதாக, வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். முதல் நான்குக்கும் கர்த்தர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். கோபம் வருவது ஐந்தாவதுக்குத்தான். காரணம் தெளிவு: முதல் நான்கும் சந்தேகங்கள், ஐந்தாவது மறுப்பு. சந்தேகப்பட்டதற்காக மோசே திட்டு வாங்கவில்லை.

பதில்களையும் கவனியுங்கள். "உன்னால் முடியும் மோசே" என்று ஓர் இடத்திலும் இல்லை. பார்வோனின் அரண்மனையில் வளர்ந்தவன் நீ, நாற்பது வருடம் வனாந்தரம் பழகியவன் நீ என்று தகுதிகளை எடுத்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். கையிலிருக்கிறது என்ன என்று கேட்கிறார், ஒரு கோல். வாய் வராது என்றவருக்கு அண்ணன் ஆரோனைத் துணை சேர்க்கிறார். தன்னம்பிக்கை வகுப்புகள் சொல்வதற்கும் இதற்கும் வெகுதூரம். கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி" என்று நூறு முறை சொல்வதால் அழைப்பைப் பற்றிய சந்தேகம் தீராது. அதைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பதிலைத் தேட வேண்டும். (ஆரோன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: துணைக்கு வந்த அதே ஆரோன்தான் பின்னால் பொன் கன்றுக்குட்டியைச் செய்தார். பயத்தால் கேட்டு வாங்கிய உதவிக்கும் ஒரு விலை உண்டு.)

ஒரு தாளை எடுத்து, "என்னால் முடியாது" என்று தோன்றும் காரணங்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். மனதுக்குள் சுற்றும்போது அது மலை போல இருக்கும். எழுதினால் பெரும்பாலும் ஆறேழு வரிதான் வரும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். இது கற்றுக்கொள்ளக் கூடிய குறையா? மனசாட்சி சொல்லும் குறையா? உடம்பும் மனமும் களைத்ததால் வந்ததா? இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "விசுவாசக் குறைவு" என்று பெயர் வைப்பதுதான் நம்மிடையே நடக்கிற பெரிய தவறு.

சிங்கப்பூரில் முதல் வகையைச் சேர்ந்தது, அதிகமாகக் கேட்பது, "என் தமிழ் போதாது" என்பது. இங்கே பிறந்து வளர்ந்த இளையர்களிடம் இது உண்மையான பயம். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தின் நீண்ட வாக்கியங்களும் சேர்ந்துவரும் சொற்களும் பள்ளித் தமிழுக்குப் பழக்கமில்லாதவை. பலர் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடிப் பழகியவர்கள். அதில் ல, ள, ழ மூன்றும் பல நேரம் ஒன்றாகிவிடும். யோவான் 14ஆம் அதிகாரத்தை அப்படி எழுதி வைத்து வாசித்தால் "நானே வழியும் சத்தியமும் ஜீவனும்" என்பது "நானே வலியும்" என்று ஒலிக்கும். சபை சிரிக்கும். அந்த ஒரு சிரிப்பில் ஒரு பிள்ளை பத்து வருடம் மேடை ஏறாமல் போகலாம்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. உடல்நலம் சரியில்லாமல் படிப்பு தடைப்பட்டவர்; தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்தைக் கீறிக் கற்றார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. சிறுவர்களுக்கு நடுவே உட்கார வெட்கப்பட்டிருந்தால் அது நடந்திருக்காது. சிங்கப்பூர் இளையருக்கு நான் சொல்லும் வழி இதைவிட எளிது. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான். வாரத்துக்கு ஒன்று, தமிழ் எழுத்திலேயே, வாய்விட்டு, தினம் பத்து நிமிடம். வீட்டில் அம்மாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து தவறிய இடத்தில் மட்டும் திருத்தட்டும். நான்கு மாதத்தில் முடிந்துவிடும். பிறகும் தமிழ் இலக்கணம் முழுதும் வந்துவிடாது. ஆனால் பயம் இருந்த இடத்தில் பழக்கம் வந்திருக்கும்.

கற்றுக்கொள்ளக் கூடிய குறைக்கு இன்னொரு உதாரணம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷனரியாகவே ஆகக்கூடாது என்று இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரை அனுப்ப அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். "எனக்குத் தெரியாது" என்பது அன்று முழு உண்மை. அவர் அந்த உண்மையை மறைக்கவும் இல்லை, அதற்குப் பின்னால் ஒளியவும் இல்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார். அழைப்புக்குக் கொடுத்த பதிலே பல வருடப் படிப்பாக இருந்தது. நம்மில் சிலருக்கும் அழைப்பின் முதல் கட்டம் மாலை நேர வகுப்பாக இருக்கலாம். இங்குள்ள டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948இல் தொடங்கியது. அதற்கான எண்ணம் ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் சிறைப்பட்டிருந்த சபைத் தலைவர்களிடையே உருவானது. வசதியான நேரம் வரட்டும் என்று அவர்களும் காத்திருக்கவில்லை.

இரண்டாவது வகை, மனசாட்சி சொல்லும் குறை. இதைச் சுயசந்தேகம் என்று தட்டிக் கழிக்கக் கூடாது. மறைத்து வைத்த கடன், சூதாட்டம், வீட்டுக்குள் கை ஓங்கும் பழக்கம், பேசாமல் விட்ட சண்டை, இவற்றில் ஏதாவது இருந்தால் அந்தத் தயக்கம் நியாயமானது. ஏசாயா ஆறாம் அதிகாரத்தின் வரிசை முக்கியம். "நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்ற அறிக்கை முதலில், பலிபீடத்து நெருப்புத்தழல் உதட்டைத் தொடுவது அடுத்து, "யாரை அனுப்புவேன்" என்ற கேள்வி அதற்கும் பிறகுதான். சபைக் கண்காணிக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் 1 தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்துப் பட்டியலைப் பாருங்கள்; பேச்சு சம்பந்தப்பட்ட திறமை ஒன்றே ஒன்று, போதகசமர்த்தன் என்பது. மீதியெல்லாம் குணமும் குடும்பமும் பணமும். நாமோ தலைகீழாக, பேச வராது என்று பயந்துவிட்டு மற்றதைச் சோதிப்பதே இல்லை.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், அதுவும் இரண்டு தடவை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்த இரவில் உங்கள் அழைப்பைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். மனம் இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் அறிவுரை. கத்தோலிக்கருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, காரணங்களைப் பிரித்தாயிற்று. அழைப்பு உண்மையானதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் அடையாளம் கேட்கும் பழக்கம் வருகிறது. புத்தாண்டு இரவில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, கண்ணை மூடித் திறந்த பக்கம், பனி எங்கே பெய்கிறது என்று அடையாளம் பார்க்கக் கிதியோன் களத்தில் போட்ட ஆட்டுத்தோல். கிதியோனுக்கு "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்ற கட்டளை முன்பே தெளிவாகக் கிடைத்துவிட்டது. தோலைப் போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகு, பயத்தில், இரண்டு தடவை. அது பொறுத்துக்கொள்ளப்பட்டது, பாடமாக வைக்கப்படவில்லை. மோசேக்குச் சொன்ன அடையாளம் இன்னும் சுவாரஸ்யம்: ஜனங்களை அழைத்து வந்தபின் இந்த மலையில் ஆராதனை செய்வீர்கள், அதுவே அடையாளம். வேலை முடிந்த பிறகுதான் அடையாளம்!

சிறுவன் சாமுவேல் மூன்று தடவை குரல் கேட்டு மூன்று தடவையும் ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். அது கர்த்தருடைய சத்தம் என்று கண்டுகொண்டது பையன் அல்ல, கண்பார்வை மங்கிய கிழவர். உங்களுக்கும் ஓர் ஏலி வேண்டும். இரண்டு மூன்று பேர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் உங்களைவிட மூத்தவர், ஒருவர் உங்கள் கோபத்தை நேரில் பார்த்தவர். திருமணமானவர் என்றால் முதலில் கணவனிடமோ மனைவியிடமோ பேசிவிட்டு மற்றவர்களிடம் போங்கள்.

ஆனால் "எனக்கு அழைப்பு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் மரியாதைப் பழக்கத்தில் "கர்த்தர் உங்களை வல்லமையாய்ப் பயன்படுத்துவார், தம்பி" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "போன மாதம் நான் நடத்திய ஜெபக்கூட்டத்தில் எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறியது?" "நான் பார்க்கப் போன நோயாளி பிறகு என்ன சொன்னார்?" "என்னை எதில் நம்பமாட்டீர்கள்?" என்று கேளுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1746இல் போதகராக வர விரும்புவோரைச் சோதிக்க வகுத்த கேள்விகளும் இதே போக்கில்தான்: கிருபை உண்டா, வரம் உண்டா, கனி உண்டா? மூன்றாவதை நீங்களே மதிப்பிட முடியாது, அடுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

முழுநேர ஊழியம் என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகாமில் கை தூக்கிவிட்டுத் திங்கட்கிழமை ராஜினாமா கொடுப்பது விசுவாசம்போலத் தெரியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மத்திய சேம நிதியிலிருந்து கட்டுகிறவர் என்றால், சம்பளம் நின்றதும் மாதச் சந்தாவும் நிற்கும்; கணக்கில் இருப்பது தீர்ந்தபின் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டும். பெற்றோருக்குக் கொடுக்கும் பணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். தொகையைப் பார்த்துப் பயம் வந்தால், அந்தப் பயத்தை அழைப்பைப் பற்றிய சந்தேகமாக எண்ணிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கணக்கு, தீர்க்கக் கூடியது. ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் சகோதரர்கள், அனுமதியில் குறித்த முதலாளியிடம் குறித்த வேலையை மட்டும்தான் செய்யலாம். சம்பளத்துக்கு ஊழிய வேலை எடுக்க முடியாது. ஆனால் தங்குவிடுதியில் காய்ச்சலில் படுத்திருக்கும் அறைத் தோழனுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார எந்த அனுமதியும் வேண்டாம். "நான் வெறும் ஒர்க்கர்தானே" என்று சொல்லும் பலர் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு ஊழியம் என்று பெயர் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

முதல் அடி சிறியதாக, முடிவுத் தேதி உள்ளதாக இருக்கட்டும். வேதபாட வாசிப்புக்கு மூன்று மாதம் பெயர் கொடுங்கள். பகுதியை வாரம் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் சிறு கோடு போடுங்கள். நேபுகாத்நேச்சார் போன்ற பெயர்களை அசை பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் வாசிப்போம், ஆகவே வீட்டில் வாசிக்கும்போது உங்களுக்கே எரிச்சல் வருகிற அளவு மெதுவாகப் பழகுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேருக்கு நேர் வைத்தால் ப, பா எழுத்துகள் வெடிக்கும். கை நடுங்கினால் தனித்தாளில் வாசிக்காதீர்கள், தாள் நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். புத்தகத்தை மேடைப் பலகைமேல் வைத்து இரண்டு கையாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொரிந்தியரிடம் பவுலும் "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" போய் நின்றவர்தான்.

எந்தப் பகுதியில் தொடங்குவது என்று கேட்டால், யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம், முதல் 12 வசனங்கள். "நான் எம்மாத்திரம்" என்பது பதினோராவது வசனம். அங்கே நிறுத்திவிடாமல் பன்னிரண்டாவதையும் சேர்த்து வாசியுங்கள்.

வணக்கம்.