பொட்டலத்துக்குள் வைக்க வேண்டிய ஒரு தாள்

(கோவில்பட்டியில் சிறு உணவு உற்பத்தியாளர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உணவைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் என் மேசைக்கு மாதத்தில் இரண்டு மூன்று பொட்டலங்களாவது வந்து சேருகின்றன. முறுக்கு, எள்ளுருண்டை, வடகம், ஊறுகாய் என்று ஏதாவது இருக்கும். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அரை நாளில் தீர்த்துவிடுவோம். ஆனால் அவற்றில் பத்தில் ஒன்றைப் பற்றிக்கூட நான் எழுதியதில்லை. ருசியில் குறையில்லை, அந்தப் பண்டத்தை யார் செய்தார், எப்படிச் செய்தார், எங்கே கேட்டால் கிடைக்கும் என்று சொல்லும் ஒரு வரிகூடப் பொட்டலத்துக்குள் இருப்பதில்லை, அவ்வளவுதான். தின்றவன் பாராட்டிவிட்டுப் போகலாம். எழுதுகிறவனால் 'நன்றாக இருந்தது' என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு பத்தியை நிரப்ப முடியாது.

நம் ஊர்ப் பண்டங்கள் பெயர் பெற்ற கதையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மணப்பாறை முறுக்கின் பெயரைப் பரப்பியது எந்தப் பத்திரிகையும் அல்ல. திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே ஓடிய ரயில்தான். நடைமேடையில் வாங்கியவர் ஊருக்குக் கொண்டுபோனார். ஊரில் தின்றவர் 'எங்கே வாங்கினாய்?' என்று கேட்டார். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைக் கோயிலுக்கு வந்தவர்களும், உங்கள் கடலை மிட்டாயைப் பேருந்துப் பயணிகளும் அவ்வாறே சுமந்து சென்றார்கள். இன்று நான்குவழிச் சாலை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. விரைவு ரயில் பல நிலையங்களில் நிற்பதே இல்லை. அன்று பயணி செய்த வேலையை இன்று எழுதுகிறவரும் படம்பிடிக்கிறவரும் செய்ய வேண்டியிருக்கிறது. பயணியின் கையில் நீங்கள் பொட்டலத்தைக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. எங்கள் கையில் அதோடு விவரத்தையும் கொடுக்க வேண்டும்.

விவரம் என்று நான் சொல்வதற்குத் திருநெல்வேலி இருட்டுக்கடையை எடுத்துக்காட்டலாம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் மட்டும் திறந்து, சரக்கு தீர்ந்ததும் மூடிவிடும் கடை அது. மங்கலான வெளிச்சத்தில் விற்றதால் அந்தப் பெயர் வந்தது என்பதை அல்வாவை ஒரு முறையும் ருசிக்காதவரும் அறிவார். விளக்கு, நேரம், வரிசை என்ற மூன்று விவரங்கள் ஒரு கடையை நாடெங்கும் அறியச் செய்திருக்கின்றன. 'தரமான', 'பாரம்பரியமான', 'சுவையான' என்று உங்கள் அட்டைப் பெட்டிகளில் அச்சடிக்கிறீர்களே, அந்தச் சொற்கள் எல்லாப் பெட்டியிலும் இருப்பதால் எந்தப் பெட்டியையும் அடையாளம் காட்டுவதில்லை.

ஒரு பண்டத்தின் பெயர் இன்ன ஊருக்கே உரியது என்று சட்டப்படி பதிவு செய்யும் புவிசார் குறியீடு கிடைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019-இல் அதைப் பெற்றன. மணப்பாறை முறுக்கு, ஊட்டி வர்க்கி, உடன்குடிப் பனங்கருப்பட்டி ஆகியவை 2023-இல் பெற்றன. உங்கள் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி கிடைத்தது. ஊரடங்கில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்த நேரத்தில் அந்த நல்ல செய்தி வந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் என்ன செய்தோம்? ஒரு நாள் செய்தி போட்டோம். எல்லாப் பத்திரிகையிலும் ஏறத்தாழ ஒரே செய்தி. மறுநாள் வேறு செய்திக்குப் போய்விட்டோம். குறியீடு ஊருக்குக் கிடைக்கிறது. அதைத் தம் பொட்டலத்தில் போட்டுக்கொள்ள ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதைக்கூட நாங்கள் தெளிவாக எழுதவில்லை. இதில் எங்கள் தொழிலின் சோம்பல் பெரும்பங்கு, அதை மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு நாளுக்குப் பிறகும் எழுதுவதற்கு எங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

இருக்கிறது என்பதே என் வாதம். அது உங்கள் பட்டறையில் இருக்கிறது. கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகு காய்ச்சுகிறவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, எடுத்து ஒடித்துப் பார்க்கிறார். 'டக்' என்று ஒடியாவிட்டால் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை. உங்களுக்கு அது அன்றாட வேலை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். வாசகருக்கோ, தாம் வீட்டில் செய்த மிட்டாய் ஏன் பல்லில் ஒட்டிக்கொள்கிறது என்ற நெடுநாள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. கரிசல் மண்ணில் விளைந்த கடலைக்கும் வேறு மண்ணில் விளைந்த கடலைக்கும் உள்ள வேறுபாட்டை, வறுக்கும்போதே கையில் உணர்கிறவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். மணப்பாறையில் முறுக்கை ஒரு முறை அரை வேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, மீண்டும் எண்ணெயில் போடுகிறார்கள்; அவ்வூர்த் தண்ணீரில் இருக்கும் மெல்லிய உப்புச் சுவையையும் காரணமாகச் சொல்கிறார்கள். பழனியில் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. அது நாள்பட நிற்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. இவை ஒவ்வொன்றும் ஒரு கட்டுரைக்குத் தொடக்கமாகப் போதும்.

ஆகவே பொட்டலத்தோடு ஒரு தாளை வையுங்கள். ஒரே தாள், அதுவும் ஒரு பக்கம். அதில் உங்கள் பெயரும் ஊரும், எத்தனை காலமாகச் செய்கிறீர்கள் என்பதும், உங்கள் செய்முறையில் மற்றவர் செய்யாத ஒன்று இருந்தால் அதுவும், எந்த மாதங்களில் கிடைக்கும், எத்தனை நாள் கெடாது, விலை என்ன, கூரியரில் அனுப்புவீர்களா என்பனவும் இருக்கட்டும். உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க உரிம எண்ணை அல்லது பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். அது இல்லாத பண்டத்தைப் பரிந்துரைக்கப் பொறுப்புள்ள எவரும் தயங்குவார். யாராவது உடனே எடுக்கக்கூடிய கைபேசி எண்ணைக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். சந்தேகம் கேட்பதற்காக நாங்கள் மாலை ஆறு மணிக்கு அழைப்போம்; எட்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போய்விடும்.

என் கைக்குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டிலேயே வற்றல் போடும் ஓர் அம்மையாரைப் பற்றி உள்ளம் நெகிழ எழுதி, அவருடைய எண்ணையும் கீழே கொடுத்திருந்தேன். வெளியான அன்று காலையிலிருந்து அவருக்கு அழைப்பு ஓயவில்லை. அவரிடம் இருந்ததோ பத்து கிலோவுக்கும் குறைவு. மழைக்காலம் வேறு, புதிதாகப் போட்டுக் காயவைக்கவும் வழியில்லை. பகலுக்குள் கைபேசியை அணைத்துவிட்டார். வாசகர்கள் என்னைத் திட்டினார்கள். எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதுமுதல் கேட்காமல் எழுதுவதில்லை. நீங்களும் யாரையாவது அழைப்பதற்கு முன்பு, நாளைக்கே ஐம்பது பேர் கேட்டால் என்ன செய்வோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். 'மாதம் இருபது கிலோதான், முன்பதிவு செய்தவர்க்கு மட்டும்' என்று நேர்மையாகச் சொல்வதில் இழிவில்லை. இருட்டுக்கடை அல்வாவும் தீர்ந்துதான் போகிறது.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். தீபாவளி மலரில் இடம்பெற வேண்டும் என்று ஐப்பசியில் வந்து கேட்பவர்கள் உண்டு. மலரின் வேலை அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. யூடியூபில் படமெடுப்பவர்களின் தேவை வேறு. அவர்களுக்கு முடிந்த பண்டத்தைவிட நடக்கிற வேலைதான் வேண்டும். பாகு கொட்டுகிற, முறுக்குப் பிழிகிற நேரத்தைச் சொல்லி அழையுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வயல்வெளியில் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு 2021-இலேயே ஒரு கோடிப் பேர் சந்தாதாரர் ஆனார்கள் என்றால், அடுப்படியைப் பார்க்க மக்களுக்கு எவ்வளவு ஆவல் என்று புரியும். நீங்களோ அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடிப் புட்டியைப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புகிறீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நான் மழுப்பியதாக ஆகும். பதிவிடப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது விளம்பரம், விளம்பரம் செய்வது தவறன்று. ஆனால் பணமோ, இலவசப் பண்டமோ பெற்றுக்கொண்டு பேசுகிறவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. 'சொல்லாமல் போட்டுவிடுகிறேன், அண்ணாச்சி' என்பவரிடம் கைகுலுக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எனக்கு அனுப்பிய பொட்டலமும் இலவசம்தான். எழுதினால் அதையும் சேர்த்தே எழுதுவேன்.

மருத்துவப் பேச்சையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்ற வாசகத்தோடு கருப்பட்டி எனக்கு வந்திருக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அந்த வரியை நம்பி யாருக்காவது உடல்நலம் கெட்டால், அதை அச்சிட்டவனும் உடந்தை ஆகிறான். அந்த ஒரு வரிக்காகவே நல்ல கருப்பட்டியை எழுதாமல் ஒதுக்கினேன்.

அவ்வளவு பொய்யான ஒரு வரிக்கு அங்கே தேவையே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். விடிவதற்கு முன் பனையேறி, சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து பதநீர் இறக்கி, அது புளிப்பதற்குள் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார்கள். தேரி எனப்படும் செம்மணல் மேட்டில் வளர்ந்த பனை. காலையும் மாலையும் ஏறி இறங்கும் கால்கள். இதைக் கண்ணால் கண்டவர் எழுதாமல் இருக்க மாட்டார். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பருவம் முடிந்தபின் கருப்பட்டியை அனுப்பாதீர்கள். பதநீர் இறங்கத் தொடங்கியதும் எங்களில் இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்புங்கள். முதல் நாள் இரவே வந்து தங்கிவிடச் சொல்லுங்கள்; நாலரை மணிக்கு எழுப்பிவிடுங்கள்.