ஜப்பான் வெள்ளிக் கெட்டிலின் அடியில் இருப்பது யார் பெயர்?

(திரையில்: கெட்டிலின் அடிப்பக்கம், மிக நெருக்கமாக இரண்டு எழுத்துகள்)

இந்த இரண்டு எழுத்தும் கெட்டிலைச் செய்தவரின் பெயர் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள். இதை ஜுன்கின் என்று படிப்பார்கள், சுத்த வெள்ளி என்று பொருள், அவ்வளவுதான். ஜப்பானிய எழுத்து தெரியாதா, பரவாயில்லை. இரண்டாவது எழுத்தின் இடது பாதியை மட்டும் பாருங்கள்: ஒரு கூரை, அதன் கீழே மூன்று கிடைக்கோடு, நடுவில் ஒரு நெடுக்கோடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி, ஏறக்குறைய ஒரு குடிசைப் படம். அந்தக் குடிசை தெரிந்தால் நீங்கள் பார்ப்பது உலோகத்தின் பெயரை. செய்தவரை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். 1859இல் யோக்கோஹாமா துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது, வாளுக்குக் கைப்பிடி அணிகலன் செய்துகொண்டிருந்த அற்புதமான கைகள் பூச்சாடி, கெட்டில், சிகரெட் பெட்டி என்று திரும்பின. இங்கிலாந்தில் வெள்ளிப் பொருளைச் சோதித்து முத்திரை குத்துவது சட்டம், முத்திரையைப் பார்த்தே ஊரும் ஆண்டும் சொல்லிவிடலாம். ஜப்பானில் அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால், விருப்பப்பட்டவர் பெயர் போட்டார், மற்றவர் விட்டுவிட்டார்.

(திரையில்: சிறிய கொடி, பக்கத்தில் சாய்சதுரம், அதற்குள் எண்)

1929இல் ஜப்பான் அரசின் நாணயச் சாலை தரச் சோதனையைத் தொடங்கியது. கொண்டுவந்து கொடுத்தால் சோதித்து, தேசியக் கொடியும் சாய்சதுரத்துக்குள் 950 போன்ற எண்ணும் குத்தித் தருவார்கள். ஆயிரத்தில் 950 பங்கு வெள்ளி என்று கணக்கு. பேரரசர் மெய்ஜி ஆண்ட மெய்ஜி காலம் 1912இலேயே முடிந்துவிட்டது. ஆகவே இந்தக் கொடி இருக்கும் பொருளை ஒருவர் மெய்ஜி காலத்துப் பொருள் என்று விற்றால், விலை பேசவே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் பெயர் இருந்தால்? குன் அண்ட் கோமோர், ஆர்தர் அண்ட் பாண்ட், சாமுராய் ஷோக்காய் எல்லாம் யோக்கோஹாமாவில் வெளிநாட்டவருக்கு விற்ற கடைகள். கடையின் பெயர் தெரியும், வெள்ளியைத் தட்டிச் செய்தவரின் பெயர் அதில் இருக்காது. சிப்பி வடிவத்துக்குள் 'எம்' இருந்தால் முத்து வணிகத்தின் மிக்கிமோத்தோ. சரி, இது போதும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம்.

கியோத்தோவில் ஹாத்தா ஸோரோக்கு என்று ஓர் உலோக வார்ப்புக் கலைஞர் இருந்தார். ஜப்பான் நாட்டின் அரசு முத்திரையையும் பேரரசரின் முத்திரையையும் 1874இல் தங்கத்தில் வார்த்தவர் அவர்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை கிலோ, ஒரு பக்கம் 9 சென்டிமீட்டர், அதே முத்திரைகளை இன்றும் அரசு ஆவணங்களில் அழுத்துகிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டின் பிரதமரை நியமிக்கும் தாளில் ஒரு பட்டறைக்காரரின் வேலை பதிகிறது! அவர் 1890இல் இறந்தார். ஆனால் ஸோரோக்கு என்ற பெயர் இறக்கவில்லை. அடுத்த தலைமுறை பட்டறையோடு பெயரையும் எடுத்துக்கொண்டது, அதற்கடுத்ததும் அப்படியே. கியோத்தோவின் சிக்குஎய்தோ பட்டறையில் எய்ஷின் என்ற பெயரும் இப்படித்தான் கைமாறி வருகிறது. அதனால் கெட்டிலின் அடியில் ஸோரோக்கு என்று படித்ததும், தங்க முத்திரை வார்த்த அதே கை என்று துள்ளிவிடாதீர்கள், அவருக்கு இரண்டு தலைமுறை பிந்தியவராகவும் இருக்கலாம். பிந்தியவர் என்பதால் வேலை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். விலை மட்டும் அந்த முதல் ஆளுக்கு உரியதாக இருக்கக் கூடாது.

அப்புறம் எந்தத் தலைமுறை என்று எப்படிப் பிரிப்பது? கெட்டிலோடு வரும் பெட்டி! பவுலோனியா மரத்தில் செய்த, எடை குறைவான பெட்டி. அதன் மூடியில் செய்தவரே தூரிகையால் பொருளின் பெயரும் தன் பெயரும் எழுதி, சிவப்பு மையில் முத்திரை வைப்பார். அந்தச் சிவப்பு முத்திரையின் வடிவமும் கையெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறும், அடியிலுள்ள பெயரைவிட இவைதான் அதிகம் பேசும். பெட்டியை எறிந்துவிட்டுக் கெட்டிலை மட்டும் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று, வேறு பொருளின் பெட்டியில் வைத்து விற்பதும் நடக்கிறது. கெட்டில் உள்ளே ஆடாமல் கச்சிதமாக உட்கார்கிறதா, மூடியில் எழுதியிருக்கும் பொருள் கெட்டில்தானா, மூடியிலும் கெட்டிலின் அடியிலும் உள்ள பெயர் ஒன்றா என்று பாருங்கள்.

உளியால் வெட்டிய பெயரா, அச்சால் குத்தியதா என்பதையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உளிக் கோட்டில் ஆழம் கோட்டுக்குக் கோடு மாறும். காந்தத்தை நம்ப வேண்டாம், வெள்ளி முலாம் பூசிய செம்பும் காந்தத்தில் ஒட்டாது. விளிம்பும் மூக்கின் நுனியும் தேய்ந்த இடத்தில் செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று தேடுங்கள்.

உங்கள் வீட்டில் ஜப்பானிய வெள்ளி ஏதாவது இருந்தால் படத்தைக் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து படிக்கலாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், நேராக ஃப்ளாஷ் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். அடிப்பக்கம் ஒரு படம், பெட்டி மூடியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. முக்கியமாக, படம் எடுப்பதற்கு முன் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்துக் குழியில் தங்கியிருக்கும் கறுப்பு இருந்தால்தான் படிக்க முடியும்.