சமையல் குறிப்பு: உறுப்பே, ஒட்டு அன்று

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

சிற்றூரைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் துப்பறியும் நாவல்களில் வரும் சமையல் குறிப்பு, கதையின் உறுப்பா, ஒட்டா என்பது நம் முன் உள்ள வினா. கொலையாளி யார் என்று தவிக்கும் வாசகரை மாவு பிசைய அழைப்பது கதையோட்டத்தைத் தடுக்கிறது என்றும், அந்தப் பக்கங்களைக் கிழித்தெறிந்தாலும் கதைக்கு ஒரு குறையும் நேராது என்றும் எதிரணித் தலைவர் வாதிட்டார். அவர் சொன்னபடியே கிழித்துப் பார்ப்போம்.

இக்கதைகளில் துப்பறிபவர் காவல் அதிகாரி அல்லர். சம்மன் அனுப்பவோ, ஒரு வீட்டைச் சோதனையிடவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அப்படியிருக்க, ஊரார் அவரிடம் ஏன் வாய் திறக்க வேண்டும்? 1930இல் முதன்முறையாக ஒரு முழு நாவலில் தோன்றிய, அகதா கிறிஸ்டி படைத்த மூதாட்டித் துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளுக்குத் தோட்டமும் அண்டைவீட்டாரின் பேச்சும் கைகொடுத்தன. பின்னர் வந்த சமையல் துப்பறியும் நாயகிகளுக்கு அடுப்பங்கரையே விசாரணை அறை ஆயிற்று. துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோகிறவரையும், திருமண விருந்துக்குப் பொறுப்பேற்றவரையும் யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. சமைக்கத் தெரிந்தவர் என்பதே அவருடைய ஒரே தகுதிச் சான்று; அந்தச் சான்றை வாசகரிடம் நீட்டுவதுதான் குறிப்பு. அதைக் கிழித்தால், ஊர்வம்பில் மூக்கை நுழைக்கும் ஒருவர் மட்டுமே எஞ்சுவார்.

டயான் மாட் டேவிட்சன் 1990இல் எழுதிய முதல் நாவலில், விருந்து சமைத்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட கோல்டி பரிமாறிய இடத்தில் ஒருவர் நஞ்சுக்கு ஆளாகிறார். காவல்துறை அவளுடைய தொழிலை முடக்கிவிடுகிறது. உண்மையைக் கண்டறியாமல் அவளால் மீண்டும் அடுப்பு மூட்ட முடியாது. இந்த நிலையில், தன் பாத்திரத்தில் எதை எவ்வளவு இட்டாள் என்று அவள் எழுதிக்காட்டுவது அலங்காரம் ஆகுமா? நான் அதை வாக்குமூலம் என்பேன்.

துப்பறியும் கதைக்கென்று ஓர் அறம் உண்டு. துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிவாளர் காணும் தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்கிறது. சமையல் குறிப்பு அந்த நேர்மையின் தொடர்ச்சி. பொருள், அளவு, வரிசை, நேரம் என எல்லாவற்றையும் ஆசிரியர் ஒளிக்காமல் வைக்கிறார். நஞ்சு கலந்த கதையிலோ இவையே தடயங்களாகின்றன: எந்தக் கட்டத்தில் உணவு மூடியின்றி ஆறிக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் சமையலறைக்குள் யார் வந்து போனார், கசப்பை மறைக்கும் அளவுக்கு இனிப்பு எதில் இருந்தது என்றெல்லாம் நாயகியோடு சேர்ந்து வாசகரும் கணக்கிட முடிகிறது. அதற்கும் மேலாக, கற்பனை ஊரும் கற்பனை மனிதர்களும் நிறைந்த அந்த நூலில், வாசகர் தம் கையால் செய்து மெய்யா பொய்யா என்று சோதிக்கக்கூடிய ஒரே பகுதி அதுதான். அப்பகுதி மெய்யென்று தெரிந்தபின் மற்றவற்றையும் மனம் நம்பத் தொடங்குகிறது. எங்கள் வாதத்தின் உயிர்நிலை இதுவே, நடுவர் அவர்களே.

கதையோட்டம் தடைபடுகிறது என்ற குற்றச்சாட்டு வலுவற்றது. குறிப்புகள் பெரும்பாலும் அத்தியாயத்தின் முடிவிலோ நூலின் இறுதியிலோதான் நிற்கின்றன. விரைகிறவர் பக்கத்தைப் புரட்டிச் செல்லத் தடையில்லை. ஆனால் பிஸ்கட் கடை நடத்தும் ஹன்னாவை நாயகியாகக் கொண்டு ஜோஆன் ஃப்ளூக் எழுதிய முதல் நாவலில், அவளுடைய கடைக்குப் பின்புறம் பால் வண்டி ஓட்டுநர் சுடப்பட்டுக் கிடக்கும் இடத்தில் அவள் சுட்ட பிஸ்கட்டுகளே சிதறிக் கிடக்கின்றன. கொலைக்களத்தில் கிடக்கும் பண்டத்தின் செய்முறையை ஒட்டு என்று எப்படித் தள்ளுவது?

கதையில் யாரும் உண்ணாத பண்டத்துக்குக் குறிப்பெழுதிப் பக்கத்தை நிரப்பும் நாவல்களும் உண்டு, மறுக்கவில்லை. அது அந்தந்த ஆசிரியரின் குறை. பொருந்தாத தடயத்தை வைத்த நாவலைக் காட்டி, துப்பறியும் கதைக்குத் தடயமே தேவையில்லை என்று எதிரணியினர் வாதிட மாட்டார்கள். அதே அளவுகோலைச் சமையல் குறிப்புக்கும் வைக்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி.