“சோம்பேறி” என்று நாம் திட்டியவரின் மூளைக்குள் நடப்பது என்ன?

(திரை கறுப்பாக இருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கூட்டல் குறி.)

வணக்கம். கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். கண்ணை அங்கிருந்து எடுக்க வேண்டாம். இப்போது ஒரு வெள்ளைப் புள்ளி ஓரிடத்தில் தோன்றி, அரைச் செக்கனில் மறைந்துவிடும்.

(வலப்புற மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறைகிறது. மூன்று செக்கன்கள் அமைதி. கூட்டல் குறி மறைகிறது.)

இப்போது அந்தப் புள்ளி இருந்த இடத்தைப் பாருங்கள். உங்கள் கண்கள் தடுமாறாமல் வலப்புற மேல் மூலைக்குப் போயிருக்கும். அங்கே இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று செக்கன்களும் உங்கள் தலைக்குள் ஏதோ ஒன்று அந்தப் புள்ளியை விடாமல் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பிடி எங்கே இருக்கிறது, அது தளர்ந்துபோன ஒருவருடைய நாள் எப்படிக் கழிகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஒரு மாமா இருக்கிறார். அம்மம்மா அவரைக் கடைக்கு அனுப்புவார்: அரைக் கிலோ சீனி, ஒரு தேங்காய், ஒரு நெருப்புப்பெட்டி. அவர் சில நாட்களில் நெருப்புப்பெட்டியோடு மட்டும் திரும்பி வருவார். சில நாட்களில் கடைக்குப் போகாமலேயே, நாலாய் மடித்த காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, படலையடியில் நின்றுவிடுவார். இளம் வயதிலேயே மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தவர். யாரும் பேசாதபோதே அவருக்குக் குரல்கள் கேட்கும். மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்ததால் குரல்கள் கேட்பது நின்றுபோயிருந்தது. அதனால்தான் எங்களுக்குக் கோபம் வந்தது. “குரலும் கேக்கேல்லை, மருந்தும் ஒழுங்காப் போடுறாய், பிறகென்ன? சோம்பல்தானே?” என்று வீட்டில் எல்லோரும் கேட்டோம், நானும் கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை, நாங்கள் அதைக் கேட்பதற்கு வெகு காலம் முன்பே, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பெண்ணின் ஆய்வுகூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அவர் பெயர் பட்ரீசியா கோல்ட்மன்-ராக்கிச். 1937 இல் பிறந்தார், 1979 இல் யேலுக்கு வந்தார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும், அவர் செய்த பரிசோதனைக்கு வருவோம்.

நீங்கள் சற்றுமுன் செய்தது ஏறக்குறைய அவருடைய பரிசோதனைதான். குரங்கு திரையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருக்கும். எட்டு இடங்களில் ஒன்றில் ஒரு புள்ளி மின்னி மறையும். சில செக்கன்கள் கழித்து, மறைந்த புள்ளி இருந்த திசைக்குக் குரங்கு கண்ணைத் திருப்ப வேண்டும். அந்த நேரம் முழுவதும் அதன் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில், ஒற்றை நரம்புக்கலங்களின் மின்துடிப்பை நுண்ணிய கம்பி வழியாக அவருடைய குழுவினர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கும் நேரத்தில் துடித்துக்கொண்டே இருக்கும் கலங்கள் உண்டு என்பதை 1971 இலேயே வேறு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலான கலங்களுக்குத் தத்தமக்கென ஒரு திசை இருக்கிறது என்பதை 1989 இல் ஃபுனஹாஷி, புரூஸ் ஆகியோருடன் சேர்ந்து கோல்ட்மன்-ராக்கிச் காட்டினார். வலப்புற மேல் மூலைக்கு ஒரு கலம், இடப்புறத்துக்கு இன்னொரு கலம். புள்ளி மறைந்த பின்னும் அதற்குரிய கலம் துடித்துக்கொண்டே இருக்கும். துடிப்பு இடையில் சோர்ந்தால், குரங்கு தவறான இடத்தைப் பார்க்கும். இப்படிச் சில செக்கன்களுக்கு ஒன்றைக் கையில் ஏந்துவதுபோல மனதில் ஏந்தியிருக்கும் நினைவைச் செயல்படு நினைவு என்கிறார்கள். சிறு வயதுப் பள்ளிக்கூட நினைவு வேறு, இது வேறு. என் மாமா தன் சிறு வயதுக் கதைகளை ஒன்றுவிடாமல் சொல்வார். படலையைத் தாண்டுவதற்குள் தேங்காயை மறந்துவிடுவார்.

இனி, எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம். கண்ணுக்கு முன்னால் எதுவுமே இல்லாதபோது ஒரு நரம்புக்கலம் எதை நம்பித் துடித்துக்கொண்டிருக்கிறது?

(காட்சி: இரவு, கதிர் முற்றிய வயல், தூரத்தில் ஒரு காவல் கொட்டிலில் விளக்கு.)

காலபோக அறுவடைக்கு முன் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நடுச்சாமத்தில் ஒரு கொட்டிலில் இருப்பவர் “ஹோய்” என்று கூப்பிடுவார். அடுத்த வயலில் இருப்பவர் பதில் கொடுப்பார். அது மூன்றாவது கொட்டிலுக்குப் போய்ச் சுற்றித் திரும்பி வரும். எந்த ஒருவரும் தனியாக விடியும்வரை விழித்திருப்பதில்லை. ஒருவரின் குரல் மற்றவரை எழுப்பி வைத்திருக்கிறது. ஒரே திசையை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் ஒன்றையொன்று இப்படித்தான் தூண்டிக்கொள்கின்றன என்றும், அவை பெரும்பாலும் புறணியின் மூன்றாம் அடுக்கில் இருக்கும் கூம்புக்கலங்கள் என்றும் கோல்ட்மன்-ராக்கிச் விளக்கினார். வேறு திசைக் கலங்கள் குறுக்கே கூவாதபடி அடக்கி வைக்கும் கலங்களும் அங்கேயே இருக்கின்றன.

மனச்சிதைவு நோயுடன் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைகளை அவரும் லின் செலமன் என்ற ஆய்வாளரும் நுண்நோக்கியில் எண்ணிப் பார்த்தபோது, நெற்றிப்புறணியில் கலங்கள் குறைந்திருக்கவில்லை. மாறாக, நெருக்கமாக இருந்தன. கலங்களுக்கு இடையில் பின்னிக் கிடக்க வேண்டிய கிளைகளும் இணைப்புகளும் மெலிந்துபோனதால்தான் அவை நெருங்கி நிற்கின்றன என்று அவர்கள் கருதினார்கள். கொட்டில்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன, காவல்காரரும் உள்ளேயே இருக்கிறார். குரல்தான் அடுத்த வயலை எட்டவில்லை. இதை முதன்முதலில் வாசித்த அன்று, மாமாவை நினைத்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மனிதர்களிடம் இதைச் சோதித்தவர்கள் சோஹீ பார்க், பிலிப் ஹோல்ஸ்மன் என்ற இருவர். 1992 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், புள்ளி கண்ணுக்கு முன் இருந்தபோது மனச்சிதைவு நோயாளர்கள் சிரமப்படவில்லை. அது மறைந்து, சில செக்கன்கள் கடந்த பின் அதன் இடத்தைக் காட்டச் சொன்னபோதுதான் தடுமாறினார்கள். பார்வையிலோ விருப்பத்திலோ குறையில்லை, ஏந்தி வைத்திருப்பதில்தான் குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அடுத்து டோபமைன். நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள் அது. இந்தப் புறணிப் பகுதியில் டோபமைனை இல்லாமல் செய்தால், அந்தப் பகுதியையே வெட்டி எடுத்ததுபோலக் குரங்கு தடுமாறுகிறது என்பதை 1979 இல் கோல்ட்மன்-ராக்கிச் குழுவினர் காட்டினார்கள். அப்படியானால் கூடுதலாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் விதைத்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். துருசு திறக்காவிட்டால் பயிர் வாடும். வான் பாய்ந்து வயலுக்குள் ஏறினால் அதே பயிர் அழுகும். டோபமைனும் குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல். 1998 இல் ஏமி ஆர்ன்ஸ்டனும் கோல்ட்மன்-ராக்கிச்சும் குரங்குகளுக்குப் பேரிரைச்சலைக் கேட்கச் செய்தபோது, அவற்றின் செயல்படு நினைவு குலைந்தது. டோபமைன் அளவுக்கு மீறுவதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். பதுங்குகுழிக்குள் இருந்து, அடையாள அட்டையை எந்தப் பையில் வைத்தோம் என்று நினைவு வராமல் தவித்த எங்கள் மக்களுக்கு அந்த ஆய்வின் பொருள் உடனே விளங்கும். ஆனால் ஒன்றை இங்கே கவனமாகச் சொல்ல வேண்டும்: வன்னியில் யாருக்கு மனநோய் வந்தாலும் 2009 ஐக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். போர் எங்கள் மனங்களுக்குச் செய்தது மிகப் பெரிது. ஆயினும் மனச்சிதைவு நோய் போரே காணாத நாடுகளிலும் இருக்கிறது, உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

கோல்ட்மன்-ராக்கிச் 2003 ஜூலை 31 அன்று, வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதியதில் ஏற்பட்ட காயங்களால் காலமானார்.

மனச்சிதைவு நோய்க்கு 1950களிலிருந்து பயன்பாட்டில் உள்ள மருந்துகள் பெரும்பாலும், நரம்புக்கலம் டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் வாசல்களில் ஒன்றான டி2 என்ற ஏற்பியைத் தடுக்கின்றன. அதனால் குரல்களும் வீண் சந்தேகங்களும் அடங்குகின்றன. நெற்றிப்புறணியின் செயல்படு நினைவு பெரிதும் தங்கியிருப்பது டி1 என்ற வேறோர் ஏற்பியில். ஆகவே, மருந்தால் குரல் நின்றபின்னும் மறதி நிற்கவில்லையென்றால், அது மருந்தின் தோல்வியும் அல்ல, அவருடைய சோம்பலும் அல்ல. இதைக் கேட்டுவிட்டுத் தயவுசெய்து யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் குரல்கள் திரும்பி வரக்கூடும். மாற்றம் எதுவானாலும் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். அவசரமாக யாரோடாவது பேச வேண்டுமானால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான். ஒரே மூச்சில் நாலு வேலை சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பிக்கும் திறப்புக்கும் மாறாத ஓர் இடம் வையுங்கள். மூளை ஏந்த வேண்டியதைக் கடதாசி ஏந்தட்டும். உங்கள் ஊரில் இப்படியொருவர் இருக்கும் வீடு நினைவுக்கு வந்தால், இந்தக் காணொளியை அவர்களுக்கு அனுப்புங்கள். எங்களுக்கு யாரும் அனுப்பவில்லை.

அம்மம்மா இப்போது பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, மாமாவின் சேர்ட் பைக்குள் வைத்துவிடுகிறார். மாமா கடை வாசலில் நின்று அதை எடுத்து விரிப்பார். சீனி என்று உரத்து வாசிப்பார், சீனி கைக்கு வரும்வரை காத்திருப்பார், பிறகு தேங்காய் என்பார். பின்னால் நிற்பவர்களுக்குச் சற்று நேரமாகும்.