அறிந்து சொல்லக் கேட்டோம்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

முறையாகப் பாட்டுச் சொல்லிக்கொள்ளாத ஒருவர் சுருதி விலகாமல் பாடினால், அவருக்குக் கேள்வி ஞானம் உண்டு என்று சொல்கிறோம். அந்தப் பாராட்டில் ஒரு குறையும் ஒட்டிக்கொண்டிருக்கும். குருவின் எதிரே உட்கார்ந்து வரிசை வரிசையாகக் கற்றவர் அல்லர் என்பது அதன் உட்பொருள். அப்படிக் காதால் கற்றதையே கைம்முதலாகக் கொண்டு 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யைப் பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய இசையும் கவிதையும் அந்தக் காதிலிருந்தே பிறந்தன என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து முடிகொண்டானில் வளர்ந்த பாரதியார், சங்கீதப் பழக்கம் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். ஆயினும் ஒரே ஆசிரியரிடம் நெடுங்காலம் இருந்து பயின்ற வரலாறு அவருக்கு இல்லை. அக்காலத்தில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் ஒரு கிளை திருவிடைமருதூரில் வாழ்ந்து வித்துவான்களை ஆதரித்து வந்தது. அங்கே கனம் கிருஷ்ணையர் போன்றவர்களின் பாட்டைக் கேட்டுக் கேட்டே அவர் தம் ஞானத்தை வளர்த்துக்கொண்டார். ராமதாஸ் என்பவரிடம் இந்துஸ்தானி இசையையும் தெரிந்துகொண்டார். மாயூரத்தில் கோவிந்த யதி என்ற துறவியிடம் அவர் பெற்றது வேதாந்தமும் யோகமும். திருமணம் செய்துகொள்ளாமல், கேட்டதையும் உணர்ந்ததையும் பாட்டாக்குவதையே வாழ்வாகக் கொண்டு, 1896-இல் மறைந்தார்.

அவரிடம் சிறிது காலம் இசை பயின்ற உ. வே. சாமிநாதையர் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். பாரதியார் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளைக் காணச் சென்றபோது, சீடர்கள் ஆபோகி ராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இந்த ராகத்தில் ஏதேனும் செய்ததுண்டா என்று சுவாமிகள் கேட்டார். பாரதியார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் 'சபாபதிக்கு வேறு தெய்வம்' என்ற கீர்த்தனையோடு வந்து நின்றார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். முன்னது ஆதி தாளம், பின்னது ரூபகம். பஞ்சமம், நிஷாதம் என்ற இரண்டு சுரங்களும் இல்லாத அந்த ராகத்தின் சாயலைக் காதில் வாங்கிக்கொண்டவர், நடையைத் தமக்கென்று வேறாக அமைத்துக்கொண்டார். கேட்டதைத் திருப்பிப் பாடுவதற்கும் கேட்டதிலிருந்து புதியதை ஆக்குவதற்கும் உள்ள தூரத்தை அவர் ஓர் இரவில் கடந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கவிதையில் அவருக்கு வழி அத்தனை எளிதாக இல்லை. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று வரும் நந்தனாரின் கதையை அவர் தம் போக்கில் விரித்து, சேக்கிழார் சொல்லாத நிலக்கிழார் ஒருவரையும், 40 வேலி நிலம் ஒரே இரவில் விளைந்த அற்புதத்தையும் சேர்த்தார். விருத்தம், கண்ணி, நொண்டிச்சிந்து என்று மக்கள் வாயில் புழங்கிய வடிவங்களையெல்லாம் எடுத்துக்கொண்டார். நூலைப் பாராட்டி முன்னே வைக்கும் செய்யுளான சிறப்புப்பாயிரம் வேண்டி அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது, நூலிலிருந்த இலக்கண வழுக்களைக் கண்ட பிள்ளை தயங்கி நாள் கடத்தினார். பாரதியார் மனம் தளரவில்லை. ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருந்த வேளையில், திண்ணையில் அமர்ந்து தம் பாடல் ஒன்றைப் பாடினார். படித்தபோது குறையாகத் தெரிந்த வரிகள் செவி வழியே நுழைந்ததும் பிள்ளையின் மனம் கரைந்தது. பாரதியார் வேண்டியபடியே பாயிரம் கொடுத்தார். 1861-இல் அந்நூல் அச்சேறியது.

பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இந்த நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் மாஞ்சி ராகத்து 'வருகலாமோ' நினைவுக்கு வரும். தில்லையின் எல்லைக்கு வெளியே நின்று, உள்ளே வருவதற்கு நந்தன் இறைவனிடமே அனுமதி கேட்கும் இடம் அது. உரைநடையில் எழுதினால் நாம் 'வரலாமோ' என்றுதான் எழுதுவோம். மாணவர்களை முதலில் 'வரலாமோ' என்றும் பிறகு 'வருகலாமோ' என்றும் பாடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முன்னதில் கேள்வி சட்டென்று முடிந்துவிடுகிறது. பின்னதில் கூடுதலாக வரும் அந்த ஓர் அசையில் குரல் சற்றே நின்று நகர்கிறது. பிறந்த குலத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவனின் தயக்கமும் ஏக்கமும் அந்த நகர்வில் கேட்கின்றன. ஏட்டைப் பார்த்துச் சொல் தேடியிருந்தால் இந்தச் சொல் கிடைத்திருக்காது. பாடிப் பாடிப் பார்த்த வாயில்தான் அது கிடைத்திருக்க வேண்டும்.

எழுத்தறியாதவர்களும் இப்பாடல்களை மனப்பாடமாகப் பாடினார்கள். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்களின் கதாகாலட்சேபங்களில் கேட்டு, வீட்டுக்குப் போய்ப் பாடி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆக்கியவர் கற்ற வழியிலேயே கேட்டவர்களும் கற்றார்கள்.

முன்பு சொன்ன அந்த ஆபோகிக் கீர்த்தனையின் சரணத்தில், புலையர் மூவர் இறைவன் பாதம் அடைந்த செய்தியைக் கூறும் பாரதியார், புராணத்தில் படித்தேன் என்று பாடவில்லை. 'அறிந்து சொல்லக் கேட்டோம்' என்று பாடுகிறார். அதை ஒட்டியே 'கோபாலகிருஷ்ணன் பாடும்' என்று தம் முத்திரையை வைக்கிறார்.

நன்றி. வணக்கம்.