ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

[திரையில்: சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர், டோக்கன் எண்கள் ஓடுகின்றன]

வணக்கம். போன் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, வாரண்டி ஒரு வருடம். திடீரென்று திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. வாங்கிய கடையில், "எங்க கையில ஒண்ணுமில்ல, சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்கிறார்கள். அங்கே போனால், "தண்ணி பட்டிருக்கு சார், வாரண்டி செல்லாது" என்கிறார்கள். பலர் இந்த இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள்.

[திரையில்: சிம் டிரே துளை, நெருக்கத்தில்]

நிறைய போன்களில் சிம் டிரே போகும் துளைக்குள் டார்ச் அடித்தால் ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். ஈரம் பட்டால் அது சிவப்பாகும். தண்ணீர் பட்டது என்று சொல்ல அவர்கள் பார்ப்பவற்றில் இதுவும் ஒன்று. அதனால் போனைக் கொடுக்கும் முன்பே அந்த ஸ்டிக்கரையும், திரையின் நான்கு மூலைகளையும் அவர்கள் கண்ணெதிரே படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஜாப் ஷீட், அதாவது போனை வாங்கிக்கொள்ளும்போது என்ன பழுது என்று சர்வீஸ் சென்டரில் எழுதும் தாள். நீங்கள் சொன்னது "திரையில் கோடு". அதில் "கீழே விழுந்து சேதம்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் அதன் மீதே உங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். என்னைக் கேட்டால், பில்லுக்கு அடுத்தபடியாக உங்களைக் காப்பாற்றும் காகிதம் இதுதான்.

சரி, மசியவில்லை. அப்புறம்? முதலில் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அது தீர்ப்புச் சொல்லும் இடமில்லை. நிறுவனத்திடம் உங்கள் புகாரைக் கொண்டுபோகும். பல விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி குர்கானில் இருந்தாலும் பரவாயில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கடை, தயாரிப்பு நிறுவனம் இரண்டையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

[திரையில்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"]

பில்லின் அடியில் இந்த வரி இருக்கிறதா? பழுதான பொருளை விற்றுவிட்டு இதைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது வேறு கதை.

தண்ணீர் பட்டதா, தயாரிப்புக் கோளாறா என்ற சண்டை வந்தால், ஆணையம் போனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைத்தான் கட்டச் சொல்வார்கள். வழக்கை முடிக்கச் சட்டம் சொல்லும் காலம் 3 மாதம், ஆய்வு என்றால் 5 மாதம். நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் பழுதை நீக்கித் தரவோ, புதிய போன் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிடுவார்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். பணம் தரச் சொன்ன உத்தரவை எதிர்த்து நிறுவனம் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டுமானால், அந்தத் தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டியாக வேண்டும்.