மஞ்சள் பக்கங்களில் இடம் பிடித்தவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

கடைகளின் தொலைபேசி எண்களையும் விளம்பரங்களையும் தொழில்வாரியாக அச்சிட்ட டைரக்டரிதான் மஞ்சள் பக்கங்கள். இணையம் வந்தது, மஞ்சள் பக்கங்கள் போயின என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான். அத்தனை காலம் சிறு வணிகர்கள் அந்தத் தடித்த புத்தகத்துக்கு ஆண்டுதோறும் ஏன் பணம் கட்டினார்கள் என்று பார்த்தால்தான் அது சரிந்த வேகம் விளங்கும்.

1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான முதல் தொலைபேசி டைரக்டரி வெறும் ஓர் அட்டை. ஐம்பது சந்தாதாரர்களின் பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை. 1883இல் வையோமிங் பகுதியில் ஓர் அச்சகத்தில் வெள்ளைத் தாள் தீர்ந்ததால் மஞ்சள் தாளில் அடித்தார்கள் என்பார்கள். மெய்யோ பொய்யோ, நிறம் நிலைத்துவிட்டது. 1886இல் ரூபன் டானெல்லி என்ற பதிப்பாளர் தொழில்வாரியான டைரக்டரியைக் கொண்டுவந்தார்.

மற்ற விளம்பரங்கள் நாம் வேறு எதையோ பார்க்கும்போது குறுக்கே வந்து நிற்கும். இதை மட்டும் நாமே தேடிப் போனோம். குழாய் உடைந்து வீட்டில் தண்ணீர் பெருகும்போது பிளம்பர் பக்கத்தைப் புரட்டுகிறவர், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதில்லை. யாரை அழைப்பது என்றுதான் யோசிக்கிறார். அந்த நொடியில் கண்ணில் படுவதற்காகத்தான் அத்தனை போட்டியும். அகர வரிசையில் முந்திக்கொள்ள, கடைப் பெயருக்கு முன்னால் 'ஏஏஏ' என்று சேர்த்துக்கொண்ட பூட்டுத் திறப்பவர்கள் உண்டு.

அது இலவச வித்தை. காசு கொடுப்பவர்களுக்கு வேறு விதி இருந்தது. அமெரிக்க டைரக்டரிகளில் பெரிய கட்ட விளம்பரங்கள் முதலில் வரும். ஒரே அளவில் பலர் இருந்தால், அந்த அளவில் நெடுங்காலமாக விளம்பரம் கொடுத்தவருக்கே முன்னிடம். இந்த மூப்பு விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. முழுப் பக்கத்தை ஓராண்டு அரைப் பக்கமாகக் குறைத்தால் பணம் மிச்சமாகும். ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த இடம் போய்விடும். பலன் கிடைக்கிறதா என்று தெரியாமலேயே பலர் தொடர்ந்து கட்டினார்கள். தவணையும் பல இடங்களில் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்தது. வேறொரு ரசீதாக வந்திருந்தால் மாதம் ஒருமுறையாவது உறுத்தியிருக்கும்.

பிறகு விளம்பரத்துக்கென்றே தனி எண் கொடுத்து, அதற்கு வரும் அழைப்புகளை எண்ணத் தொடங்கினார்கள். எத்தனை வீடுகளின் வாசலில் புத்தகம் போடப்பட்டது என்ற கணக்கை விற்றவர்களுக்கு, எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்ற கணக்கு சங்கடமாகிவிட்டது. இடத்தைக் காப்பாற்றத்தான் பணம் என்றால், ஆளில்லாத வரிசையில் முதலிடம் எதற்கு? ஒருவர் விலகியதும் அடுத்தவருக்கும் துணிவு வந்துவிட்டது.

நிறுவனங்களோ இந்த வருமானம் என்றும் வற்றாது என்று நம்பிக் கடன் சுமந்திருந்தன. 2006இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வெரைசன் தனியாகப் பிரித்துவிட்ட டைரக்டரி நிறுவனமான ஐடியார்க், சுமார் 900 கோடி டாலர் கடனோடு பிறந்து 2009 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. டானெல்லியின் பெயர் தாங்கிய நிறுவனமும் இரண்டே மாதத்தில் அதே வழியில் போனது. பிரிட்டனில் 1966இல் பிரைட்டனில் தொடங்கிய புத்தகம், 2019 ஜனவரியில் அதே ஊரில் கடைசிப் பதிப்போடு நின்றது.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வேண்டாதவர் வீட்டில் புத்தகத்தைப் போடக் கூடாது என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2010இல் சட்டம் இயற்றியது. டைரக்டரிகளுக்கும் கருத்துரிமை உண்டு என்று சொல்லி 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. வழக்கில் வென்ற புத்தகம், வாசலில் பிரிக்கப்படாமலே கிடந்தது.

இன்றைய தேடுபொறிகளிலும் முன்னிடம் விலைக்குத்தான் வருகிறது. ஆனால் அங்கே கட்டண அட்டவணை இல்லை. ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம் நடக்கிறது. அடுத்த தெருக்காரர் கூடுதலாகக் கேட்டால் நம் செலவும் ஏறுகிறது. அழைப்புகளை எண்ண முடிகிறது என்பது உண்மையான ஆதாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டு விளம்பரச் செலவை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைக்க முடிந்த வசதி, சிறு வணிகர் கையைவிட்டுப் போய்விட்டது.